வியர்வையை மறந்த அறிவுரை

குளிர்கால வேட்டைக்கான பூட்ஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவராவது இந்த நவம்பரில் மினசோட்டாவிலோ ஆல்பர்ட்டாவிலோ முதன்முறையாக மான் வேட்டைக்குப் போகக்கூடும். கட்டுரை சொன்னபடி பூட்ஸ் வாங்கி, சொன்னபடி மாட்டிக்கொண்டு, விடியுமுன் காட்டுக்குள் நடந்து போய்ப் பரணில் ஏறி உட்கார்ந்தால், வெயில் ஏறுவதற்குள் அவருடைய கால்விரல்கள் மரத்துப்போகும். மரத்த காலோடுதான் அவர் அந்தப் பரணிலிருந்து இறங்கவும் வேண்டும். ஏணிப்படியில் கால் பதிந்ததா இல்லையா என்று தெரியாமல் இறங்குகிறவர் விழுவார். இதனால்தான் எழுதுகிறேன். ஆளுக்கொரு கருத்து என்று விட்டுவிடக்கூடிய விஷயமல்ல இது. அச்சில் வந்திருப்பது தவறான அறிவுரை. நம்பியவரின் விரலைப் பறிக்கக்கூடிய அறிவுரை.

கட்டுரையாளரின் வாதத்தை அவருக்கு அநீதி செய்யாமல் சுருக்கிச் சொல்கிறேன். குளிரும் நீரும் வெளியே இருக்கின்றன. இரண்டையும் உள்ளே விடாத பூட்ஸே நல்ல பூட்ஸ். ஆகவே கடையில் கிராம் எண் எதில் மிக அதிகமோ அதை வாங்குங்கள். நீர்புகாச் சவ்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வியர்வையைச் சவ்வு வெளியேற்றிவிடும். அதற்கு மேலும் குளிர்ந்தால் கனத்த காலுறை இரண்டு, சூட்டுப் பொட்டலம் ஒன்று. நடந்து தேடும் வேட்டைக்கு ஒரு ஜோடி, உட்கார்ந்து காத்திருக்கும் வேட்டைக்கு இன்னொரு ஜோடி என்பதெல்லாம் காசுள்ளவர்களின் ஆடம்பரம். அவர் எழுதியதன் சாரம் இவ்வளவே.

இதில் ஒன்று உண்மை. வெளியிலிருந்து வரும் நீர் காலுக்கு எமன்தான். அசையாத காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உறைபனிகூட வேண்டியதில்லை. முதல் உலகப் போரில் 1914-15 குளிர்காலத்தில் சேறும் நீரும் நிறைந்த பதுங்குகுழிகளில் நாள்கணக்கில் நின்ற பிரிட்டிஷ் வீரர்களில் சுமார் 20,000 பேருக்குப் பாதம் அழுகும் நோய் வந்தது. அவர்களில் பலர் நின்ற இடத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலேதான் இருந்தது. நீரைத் தடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டதும், உள்ளேயே ஊறும் நீரை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டதும்தான் குற்றம். இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. பூட்ஸுக்குள் ஊறும் ஈரம் குளிர் காலம் என்பதற்காக நின்றுவிடாது. ஓடையில் ஒருமுறை கூடக் கால் வைக்காத வேட்டைக்காரரின் காலுறையும் நண்பகலில் நனைந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

முதலில் கிராம் எண்ணைப் பார்ப்போம். பூட்ஸின் பக்கவாட்டில் 400, 800, 1200 என்று அச்சிட்டிருப்பதைக் கட்டுரையாளர் வெப்ப அளவாகவே எடுத்துக்கொள்கிறார். 1200 கிராம் என்றால் 400 கிராமைப்போல மும்மடங்கு சூடு என்று கணக்கும் போடுகிறார். இது பிழை. 3எம் நிறுவனத்தின் தின்சுலேட் போன்ற நார்ப் படுகைகளில் அந்த எண் குறிப்பது ஒரு சதுர மீட்டர் படுகையின் எடை. எடையைச் சொல்லும் எண் அது. கால் எவ்வளவு நேரம் சூடாக இருக்கும் என்பதைச் சொல்லாது. ஒரு நிறுவனத்தின் நாரும் வேறு நிறுவனத்தின் நாரும் ஒரே எடையில் ஒரே சூட்டைத் தருவதும் இல்லை. அதோடு, சூட்டைக் காப்பது நார் அல்ல, நாருக்கு இடையில் சிறைப்பட்ட காற்று. பாதத்தின் அடியில் உடலின் முழு எடையும் அந்த நாரை நசுக்குகிறது. காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. பரணின் இரும்புத் தளத்தின் மீதோ உறைந்த மண்ணின் மீதோ மணிக்கணக்கில் ஊன்றிய காலிலிருந்து சூடு இறங்குவது இந்த வழியாகத்தான். அங்கே காலைக் காப்பாற்றுவது கனமான சோலும், நசுங்காத ஃபெல்ட் அல்லது கம்பளி உள்ளட்டையும். கட்டுரை முழுவதையும் தேடிப் பார்த்தேன். சோலைப் பற்றியோ உள்ளட்டையைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

பூட்ஸ் பெட்டியில் மைனஸ் 40 வரை தாங்கும் என்று போட்டிருப்பதையும் அவர் சான்றாகக் காட்டுகிறார். யார் அளந்தது, எப்படி அளந்தது, உள்ளே இருந்த கால் நடந்ததா உட்கார்ந்ததா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அளவு என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் தொழிற்கூடக் காலணிகளுக்கான ஐஎஸ்ஓ 20345 தரத்தைப் பார்க்கலாம். அதில் குளிர்காப்புக்கான சிஐ குறி பெற வேண்டுமானால், மைனஸ் 17 டிகிரியில் பூட்ஸை 30 நிமிடம் வைத்திருக்கும்போது உள்ளே வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. நிபந்தனை தெளிவாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். அந்தச் சோதனையிலும் வியர்க்கும் மனிதக் கால் உள்ளே இல்லை. இவ்வளவு கட்டுப்பாடான சோதனையே அரைமணி நேரத்துக்குத்தான் பொறுப்பேற்கிறது. பெட்டியில் அச்சிட்ட ஒரு எண்ணை நம்பி நாள் முழுக்கக் காட்டில் உட்காரச் சொல்வது வாசகரின் உடம்பை வைத்துச் சூதாடுவது.

அடுத்தது சவ்வு. பாப் கோர் 1969-ல் டெஃப்லான் பொருளை இழுத்து விரித்து நுண்துளைச் சவ்வாக்கினார். 1976-ல் கோர்-டெக்ஸ் சந்தைக்கு வந்தது. நீர்த்துளி நுழைய முடியாத துளை வழியே நீராவி வெளியேறும் என்பது உண்மை. ஆனால் ஆவி தானாக வெளியேறுவதில்லை. உள்ளே சூடும் ஈரப்பதமும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது அந்தத் திசையில் நகரும். நகர்ந்தாலும் ஆவியாகவே வெளியே போய்ச் சேர வேண்டும். கனத்த நார், சவ்வு, தோல் என்று அடுக்கிய பூட்ஸில், மைனஸ் 15 டிகிரியில், வெளிச்சுவர் உறைநிலைக்கும் கீழே இருக்கிறது. சோற்றுப்பானை மூடியின் உட்புறத்தில் ஆவி துளியாகப் படிவதுபோல, பாதத்திலிருந்து கிளம்பிய ஆவி குளிர்ந்த அடுக்கை எட்டியதும் நீராகிறது. மேலும் குளிர்ந்தால் பனியாகிறது. அது படிகிற இடம் நாருக்குள். சூட்டைக் காக்க வேண்டிய காற்று இருந்த இடத்தில் இப்போது நீர் இருக்கிறது. கனம் கூடக் கூட ஆவி கடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது. வெளித்தோல் நனைந்துவிட்டாலோ இருந்த சிறிய வழியும் அடைபடுகிறது. கீழ்ப்பாதி முழுக்க ரப்பரான பூட்ஸில் அந்த வழியே கிடையாது. வியர்வையைச் சவ்வு பார்த்துக்கொள்ளும் என்று கட்டுரையாளர் எழுதியது வேறு வானிலையில், மெல்லிய காலணியில் ஓரளவு பொருந்தும். எந்தக் குளிருக்காக எழுதினாரோ அந்தக் குளிரில், எந்தப் பூட்ஸைப் பரிந்துரைத்தாரோ அந்தப் பூட்ஸில் பொருந்தாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று அவர் தள்ளிவிட முடியாதபடி வரலாறு இருக்கிறது. 1912-ல் மெய்ன் மாநிலத்தின் ஃப்ரீபோர்ட்டில் லியோன் லியோன்வுட் பீன் என்ற வேட்டைக்காரர், நனைந்த காலோடு திரும்பி அலுத்துப்போய், கீழே ரப்பரும் மேலே தோலும் வைத்துத் தைத்த பூட்ஸை விற்கத் தொடங்கினார். முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 தையல் விட்டுத் திரும்பி வந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வடிவத்தைச் சரிசெய்து மீண்டும் விற்றார். அந்த அமைப்பு ஈரமான காட்டில் நடப்பவருக்கு இன்றும் நல்ல தீர்வு. அதே ரப்பர்-தோல் அமைப்பை, உள்ளே ஃபெல்ட் அட்டையோடு, ஷூபேக் என்ற பெயரில் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது. 1950 நவம்பர் கடைசியில் வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் மரைன் படையினர் காலில் இருந்தது அதுதான். இரவில் குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போனது. மலைப்பாதையில் சுமையோடு நடந்தபோது கால் வியர்த்தது. ரப்பர் அந்த வியர்வையை வெளியே விடவில்லை. படை நின்றதும், வீரர்கள் குழிகளில் அசையாமல் காத்திருந்ததும், காலுறையிலும் உள்ளட்டையிலும் ஊறிய வியர்வை உறைந்தது. காலுறையையும் அட்டையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. சண்டைக்கு நடுவே பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. ஆயிரக்கணக்கானோர் பனிக்கடிக்கு ஆளானார்கள்.

அந்தப் பூட்ஸில் வெளி நீர் புகவில்லை. உள்ளே குளிர்காப்பும் இருந்தது. கட்டுரையாளர் கேட்கும் இரண்டு தகுதிகளும் அதற்கு இருந்தன. நடந்து வியர்த்து, பிறகு அசையாமல் உட்கார்வது என்ற ஒரே காரணத்தால் அது தோற்றது. மான் வேட்டைக்காரர் ஒவ்வொரு காலையிலும் செய்வதும் அதையேதான்: இருட்டில் பரண் வரை நடை, பிறகு மணிக்கணக்கில் அசைவற்ற காத்திருப்பு. நடக்கும்போது உடல் உண்டாக்கும் வெப்பம் உட்கார்ந்திருக்கும்போது இருப்பதைப்போலப் பல மடங்கு. அசையாமல் இருக்கும் உடல் தருவது ஏறக்குறைய 100 வாட்தான். உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கினால் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தை உடலே குறைத்துவிடும். சூடு வருவது நிற்கும் அதே நேரத்தில் ஈரம் குளிரத் தொடங்குகிறது.

கொரியாவில் கற்ற பாடத்துக்குப் பிறகு வந்த பூட்ஸ் எப்படி இருந்தது என்பதையும் கட்டுரையாளர் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் வீரர்களுக்குக் கிடைத்ததும், மிக்கி மவுஸ் பூட்ஸ் என்று அவர்கள் அழைத்ததும் அதுதான். அதை வடிவமைத்தவர்கள் வியர்வை வெளியேறிவிடும் என்று நம்பவில்லை. வெளியேறாது என்பதை ஒப்புக்கொண்டு, குளிர்காப்பை இரண்டு ரப்பர் சுவர்களுக்கு நடுவே முழுக்க அடைத்தார்கள். கால் ஈரமாகலாம், காப்பு ஒருபோதும் ஈரமாகாது. கறுப்பு வகை மைனஸ் 29 டிகிரிக்கும், பின்னர் வந்த வெள்ளை வகை மைனஸ் 54 டிகிரிக்கும் என்று தரம் பிரித்தார்கள். வியர்வையைக் கணக்கில் எடுத்ததால் பிறந்த வடிவம் அது.

ஆர்க்டிக் பழங்குடியினரின் தோல் காலணிகளைப் பழங்கதை என்று கட்டுரையாளர் ஒதுக்கியது என்னை மிகவும் கோபப்படுத்தியது. இனுயிட் மக்கள் வேட்டையாடினால்தான் உயிர் வாழ்ந்தார்கள். கால் போனால் குடும்பமே பட்டினி. அவர்கள் ஒரே காலணியை எல்லாவற்றுக்கும் அணியவில்லை. பனி உருகி ஈரமாகும் பருவத்துக்குக் கடல்நாய்த் தோல். அதை விலங்கின் தசைநார் கொண்டு, ஊசி தோலை முழுக்கத் துளைக்காதபடி தைத்தார்கள். நனைந்ததும் நார் உப்பித் தையலை அடைத்தது. நடுக்குளிர்காலத்தின் வறண்ட கடுங்குளிருக்குக் காரிபூ மான் தோல். அதன் மயிருக்குள் காற்று இருக்கிறது. ஈரம்தான் அதற்குப் பகை. அதனால் உள்ளே நுழையுமுன் ஒட்டிய பனியை அடித்து உதிர்த்தார்கள். எண்ணெய் விளக்குக்கு மேலே கட்டிய சட்டத்தில் இரவுதோறும் காலணிகளை உலர்த்தினார்கள். ஈரத்துக்கு ஒன்று, வறட்சிக்கு ஒன்று, இரவில் உலர்த்தல் என்ற இந்த ஒழுங்கு கட்டுரையாளரின் முழுக் கட்டுரையையும்விட அறிவுள்ளது. காசுள்ளவர்களின் ஆடம்பரம் என்று அவர் பழிப்பது உலகிலேயே மிகக் கடுமையான நிலத்தில் வாழ்ந்த மக்களின் அன்றாட நடைமுறையை.

இரண்டு கனத்த காலுறை என்ற யோசனை தீங்கை இரட்டிப்பாக்குகிறது. கால் அளவுக்குச் சரியாக வாங்கிய பூட்ஸில் இன்னொரு காலுறையைத் திணித்தால் விரல்கள் நெரிபடும், ரத்த ஓட்டம் குறையும். காலுக்குச் சூட்டைக் கொண்டுவருவது ரத்தம். பூட்ஸ் அதைத் தக்கவைக்க மட்டுமே முடியும். அமுண்ட்சென் குழு தென்துருவத்துக்கு 1911 செப்டம்பர் 8 அன்று அவசரமாகக் கிளம்பி, மைனஸ் 50-க்கும் கீழான குளிரில் மாட்டி, குதிகால் உறைந்தவர்களோடு திரும்பி வந்தது. பூட்ஸைப் பிரித்துப் பெரிதாக்குவதில் அவர்கள் செலவிட்ட உழைப்பைப் பற்றி அமுண்ட்சென் விரிவாகவே எழுதியிருக்கிறார். உள்ளே இடமிருக்க வேண்டும், விரல் அசைய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த உழைப்பு. சூட்டுப் பொட்டலமும் இதே காரணத்தால் ஏமாற்றும். அதற்குள் இருக்கும் இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடாகிறது. காற்றுப் புகாத, இறுகிய பூட்ஸுக்குள் அது சீக்கிரமே அணைந்துவிடும். இருக்கிற கொஞ்ச இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

இனி காசு. புதிதாக வேட்டைக்கு வருபவரின் பணப்பையைக் காப்பதாகக் கட்டுரையாளர் சொல்வதை நான் அக்கறையோடு எடுத்துக்கொள்கிறேன். பலருக்கு அது உண்மையான கவலை. ஆனால் அவர் சொல்லும் வழி காசைக் காப்பதில்லை. கடையிலேயே விலை அதிகமான 1200 கிராம் பூட்ஸை வாங்கச் சொல்கிறார். அது மலையேறும் வேட்டைக்கு ஒரு நாளும் உதவாது. உட்காரும் வேட்டைக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்றால், ஃபெல்ட் உள்ளுறையைக் கழற்றி எடுக்கக்கூடிய பேக் பூட்ஸ் வாங்கலாம். கூடுதலாக ஓர் உள்ளுறை வாங்குவதற்கு இன்னொரு பூட்ஸின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். ஒன்று காலில், ஒன்று முகாமில் உலர்கிறது. சவ்வோடும் நாரோடும் ஒட்டித் தைத்த பூட்ஸ் ஒருமுறை உள்ளே ஊறினால் ஒரே இரவில் உலராது. அதை நெருப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும், சோலை ஒட்டிய பசை விடும். அந்தச் செலவு அவர் கணக்கில் வரவில்லை.

ஆகவே வாசகர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு குளிர் என்பதல்ல, நான் எப்படி வேட்டையாடப் போகிறேன் என்பது. மொன்டானா மலைகளில் எல்க் மானைத் தேடி நாள் முழுக்க ஏறி இறங்குபவருக்கு, நீர்புகாத, நார் இல்லாத பூட்ஸோ 200 கிராம் அளவுள்ள ஒன்றோ பொருந்தும். மிகக் கடுங்குளிரில் 400. அதற்கு மேல் போட்டால் முதல் மேட்டிலேயே வியர்த்து, சிகரத்தில் உறைவார். மினசோட்டாவில் வெள்வால் மானுக்காகப் பரணில் காத்திருப்பவருக்கு 800-க்கு மேல், அல்லது பேக் பூட்ஸ், கனமான சோலோடு. சதுப்பில் நடப்பவருக்கு முழு ரப்பர். எந்த வகையானாலும் ஒரே ஒரு நல்ல கம்பளிக் காலுறை. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகும் சூட்டை முழுக்க விட்டுவிடாது. அந்தக் காலுறையோடு விரல் அசைய இடமுள்ள அளவில் பூட்ஸ் வாங்க வேண்டும். பரணுக்கு நடக்கும்போது லேஸைத் தளர்த்தி, மெதுவாக, மேல்கோட்டைக் கழற்றிப் பையில் வைத்து நடக்க வேண்டும். மரத்தடியில் காலைத் துடைத்து உலர்ந்த காலுறை மாற்றிக்கொண்டு ஏற வேண்டும். விரல் வெளுத்து உணர்விழந்தால் அன்றைய வேட்டை அங்கே முடிந்தது. தேய்க்கக் கூடாது. மறுபடி உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகு, 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் காலை வைத்து, மருத்துவரிடம் போக வேண்டும்.

இவற்றில் எதுவும் ரகசியமில்லை. வடக்கில் குளிர்காலத்தில் காட்டுக்குப் போகும் அனுபவசாலிகள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். கட்டுரையாளர் அவர்களைக் கேட்கவில்லை. விளம்பரப் பெட்டியைப் படித்து எழுதினார். ஆங்கிலத்தில் இப்படி ஒன்று வந்திருந்தால் பக்கத்திலேயே அதைத் திருத்தும் பத்துக் கட்டுரைகள் கிடைக்கும். தமிழில் இந்தப் பொருளைப் பற்றி எழுதுபவர் மிகச் சிலர் என்பதால், படிப்பவர் ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இல்லை. எழுதுபவரின் பொறுப்பு அதனால் பெருகுகிறது. அதிகக் கிராம் வாங்குங்கள், வியர்வையைச் சவ்வு பார்த்துக்கொள்ளும், இரண்டு காலுறை போடுங்கள் என்ற மூன்று அறிவுரைகளையும் அவர் பெயர் சொல்லித் திரும்பப் பெற வேண்டும். அதை வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வரும் திருத்தம் யாருடைய விரலையும் காப்பாற்றாது.